ஸ்கொத்லாந்து வமிசாவளியில் ஒரு சிக்கல்



ஒரு குடும்பத்தின் வரலாற்றைப் பற்றி இரண்டு ஏடுகள் இரண்டு விதமாகக் கூறினால் எதனை ஏற்பது, எதனைத் தள்ளுவது? எளியதொரு குடும்பத்தைப் பற்றி இக்கேள்வி எழுந்தால், அதன் விடையில் ஒரு துண்டுக் காணி தங்கியிருக்கலாம்; அல்லது சபையிலே ஒருவர் பெறும் மரியாதை தங்கியிருக்கலாம். அரச குடும்பம் ஒன்றைப் பற்றி எழுமாயின், ஒரு நாட்டின் முடியே அவ்விடையில் தங்கிவிடுகின்றது. அத்தகைய வழக்கொன்று ஸ்கொத்லாந்து நாட்டிலே ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் தீராமற் கிடந்தது. எலிசபெத் மியூர் என்னும் பெண்மணி ஒருவர் எப்போது மணந்தார் என்பதே அவ்வழக்கு. அது எவ்வாறு எழுந்தது, எவ்வகைச் சான்றுகளால் தீர்ந்தது என்பதைப் பற்றி இன்று பேச எண்ணுகின்றேன்.

முதலில் அக்குடும்பத்தை அறிமுகஞ் செய்துவைத்தல் வேண்டும். 1314 ஆம் ஆண்டு பனொக்பேண் என்னும் களத்தில் ஆங்கிலப் படையை முறியடித்த றொபேட் புரூஸ் மன்னனை நேயர்கள் அறிவார்கள். சிலந்தி விடாமுயற்சியோடு வலை பின்னுவதைக் கண்டு ஊக்கமடைந்தான் என்று பாடப் புத்தகங்கள் கூறுகின்றனவே, அவனே. அந்தச் சிலந்திக் கதைக்கு அவன் காலத்துச் சான்று எதுவும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவைப்பது நன்று. அவனுடைய மகள் மார்ஜரி, நாட்டின் பரம்பரை ஸ்ரூவட் ஆகிய வால்ட்டர் என்பவனை மணந்தாள். ஸ்ரூவட் என்பது ஆதியிலே குடும்பப் பெயரன்று. அரண்மனைக் காரியங்களை மேற்பார்க்கும் பதவியின் பெயர். பதவி தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றமையால் பதவிப் பெயரே குலப்பெயராயிற்று. மார்ஜரிக்கும் வால்ட்டருக்கும் 1316 ஆம் ஆண்டு பிறந்தவன் றொபேட் ஸ்ரூவட்.

புரூஸ் மன்னனுக்குப் பின்னர் முடிசூடியவன் அவன் மகன் இரண்டாம் டேவிட். இவன் றொபேட்டின் தாய்மாமன். ஆனால் மருமகன் மாமனிலும் எட்டு வயது மூத்தவன். டேவிட் 1371 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் திகதி பிள்ளையின்றி இறக்க, ஐம்பத்தைந்து வயதளவில் மருமகன் இரண்டாம் றொபேட் என்னும் பெயரோடு அரியணை ஏறினான். ஸ்கொத்லாந்தையும் பின்னர் இங்கிலாந்தையும் ஆண்ட ஸ்ரூவட் வமிசம் அவனோடு தொடங்குகின்றது.

இந்த றொபேட்டின் வாழ்விலே இரு பெண்கள் இடம்பெற்றனர். ஒருவர், ரோவல்லன் என்னும் ஊரின் வீரர் சேர் அடம் மியூரின் மகள் எலிசபெத். இவர் வயிற்றிற் பிறந்தவர்கள் யோன், வால்ட்டர், றொபேட், அலெக்சாந்தர் என்னும் நான்கு ஆண்மக்களும் பல பெண்மக்களும். மற்றவர் யூபீமியா றொஸ். இவருக்கு டேவிட், வால்ட்டர் என்னும் இரு ஆண்மக்களும் பெண்மக்களும் பிறந்தனர். முடி எலிசபெத்தின் மூத்த மகனாகிய யோனுக்கே சென்றது. அவன் 1390 ஆம் ஆண்டு அரியணை ஏறியபோது யோன் என்னும் பெயர் அரசருக்கு ஆகாத பெயர் என்று கருதி, மூன்றாம் றொபேட் என்று பெயர் மாற்றிக்கொண்டான். ஆதலால், அவன் தம்பிக்கும் றொபேட், தந்தைக்கும் றொபேட், அவனுக்கும் றொபேட் என்றாகிவிட்டது. வமிசாவளி ஆராய்பவர்களுக்கு இத்தகைய பெயர்க் குழப்பங்கள் அன்றாட உணவு.

இனி வழக்குக்கு வருவோம். எலிசபெத் முறைப்படி மணந்த மனைவிதானா? மணந்தாராயின் எப்போது மணந்தார்? பிள்ளைகள் பிறந்த முன்னரா, பின்னரா?

பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்ததும், யோன் போர்டன் என்னும் குருவானவரின் பெயரோடு வழங்கிவருவதுமான இலத்தீன் வரலாற்றேடு ஒன்று, றொபேட் எலிசபெத்தோடு மணமின்றி வாழ்ந்து மக்களைப் பெற்றான் என்றும், பின்னர் பாப்பரசரின் அனுமதியைப் பெற்று 1349 ஆம் ஆண்டு திருச்சபை முறைப்படி மணந்தான் என்றும் கூறுகின்றது. ஆனால் 1527 ஆம் ஆண்டு பரிஸ் நகரத்தில் அச்சாகிய எக்டர் போயிஸ் என்பவரின் வரலாற்று நூல் வேறொரு கதையைக் கூறிற்று. யூபீமியாவே முதல் மனைவி; எலிசபெத் ஆசைநாயகி; யூபீமியா இறந்த பின்னரே மன்னன் எலிசபெத்தை மணந்து, அவர் பெற்ற மக்களை முன்னே நிறுத்தினான் என்பது அக்கதை. 1582 ஆம் ஆண்டு வெளிவந்த ஜோர்ஜ் புக்கானனின் வரலாறும் இதனையே வழிமொழிந்தது. புக்கானன் யார்? அப்போது ஆண்டுகொண்டிருந்த ஆறாம் ஜேம்ஸ் மன்னனின் ஆசிரியர்! தம் மாணாக்கனின் முன்னோர் முடிக்கு உரியவர் அல்லர் என்று பொருள்படும் கதையை ஆசிரியரே நூலில் எழுதிவிட்டார். 1584 ஆம் ஆண்டு அந்நூற் பிரதிகளை ஒப்படைக்கும்படி பாராளுமன்றம் ஆணையிட்டதில் வியப்பில்லை.

இரண்டு கதைகளின் விளைவுகளும் வெவ்வேறு. யூபீமியா முதல் மனைவி என்றால், அவர் பெற்ற மக்களே முடிக்கு உரியோர். மூன்றாம் றொபேட் முதலாக ஆண்ட ஸ்ரூவட் அரசர் அனைவரும் பிறர் உரிமையைக் கவர்ந்தவராவர். இவ்வையம் வெறும் ஏட்டுச் சண்டையாக நின்றுவிடவில்லை. 1437 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பேர்த் நகரத்துத் துறவியர் மடத்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னன் இரவிலே வெட்டிக் கொல்லப்பட்டான். சதியின் பின்னணியில் நின்றவன் என்று தண்டிக்கப்பட்டவன் அதோல் பிரதேசத்தின் ஏர்ள், அதாவது உயர்பிரபு. அவன் யூபீமியாவின் இளைய மகன் வால்ட்டர். வாளேந்தி உள்ளே புகுந்தவர்களின் தலைவன் சேர் றொபேட் கிரகாம். யூபீமியாவின் மூத்த மகன் டேவிட்டின் பேரனாகிய மலீஸ் கிரகாம் என்பவனுக்கு இவன் சிற்றப்பன். அந்த மலீசிடமிருந்து ஸ்திராதேண் என்னும் பிரபுப் பட்டத்தை மன்னன் பறித்திருந்தான். கொலைக்குக் காரணங்கள் பல இருந்தன. மன்னனின் கடுமையான ஆட்சியையே நான் முதலிற் சொல்வேன். ஆயினும், இரு தாயர் வழி வந்த பகை அங்கே இருக்கவில்லை என்று எவரும் சாதிக்க முடியாது.

இருநூறு ஆண்டுகள் சென்றபின் அப்பகை மீண்டும் தலைகாட்டியது. மலீசின் வழிவந்த வில்லியம் கிரகாம், மென்தீத் பிரதேசத்தின் ஏழாவது ஏர்ள், முதலாம் சாள்ஸ் மன்னனின் ஸ்கொத்லாந்து ஆலோசனைச் சபையின் தலைவனாக விளங்கினான். அவன் பழைய ஸ்திராதேண் பட்டத்துக்குத் தானே வாரிசு என்று 1630 ஆம் ஆண்டு நிறுவி, மன்னனின் இசைவையும் பெற்றான். அவனுடைய பகைவர்கள் சும்மா இருப்பார்களா? யூபீமியாவின் மூத்த மகனுக்கு வாரிசு என்று சட்டப்படி ஏற்றுக்கொண்டால், நாளை முடிக்கும் வாரிசு என்று இவன் சொல்லமாட்டான் என்பது என்ன நிச்சயம் என்று மன்னனின் காதில் ஓதினர். கவிஞர் வில்லியம் டிரமண்ட் இவ்வாபத்தை எடுத்துக்காட்டி மன்னனுக்கு எழுதினார். ஸ்கொத்லாந்திலே தன் இரத்தமே மிகச் சிவந்த இரத்தம் என்று அவன் பெருமை பேசினான் என்றும் ஒரு பேச்சு உலாவியது. பேசினானோ, பேசியதாகச் சொன்னார்களோ! 1633 ஆம் ஆண்டு ஸ்திராதேண் பட்டம் பறிக்கப்பட்டு, அதற்கு ஈடாக ஏர்த் என்னும் புதிய பட்டம் கொடுக்கப்பட்டது. பதவிகளும் போயின. கடன்காரனாகவே அவன் எஞ்சிய காலத்தைக் கழித்தான். ஒரு பெண்மணியின் திருமணத் திகதி, அவர் மறைந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்றபின் ஒரு மனிதனின் வாழ்வை அழித்த கதை இது.

அரசாங்கத்தின் பதிவேடுகளிலே இவ்வழக்கைத் தீர்க்கக்கூடிய சான்று எதுவும் இருக்கவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். இருந்தது. இரண்டாம் றொபேட் முடிசூடிய மறுநாள், 1371 ஆம் ஆண்டு மார்ச்சு 27 ஆம் திகதி, மூத்த மகன் யோனே அடுத்த அரசன் என்று சபை கூடிப் பிரகடனஞ் செய்தது. 1373 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் பாராளுமன்றம் முடியுரிமையின் வரிசையை விரிவாக வகுத்தபோது, முதல் மனைவியின் புதல்வர், இரண்டாம் மனைவியின் புதல்வர் என்று பிரித்தே எழுதியது. எலிசபெத்தின் மக்களே முன்னே நிற்கின்றார்கள். அப்போது யூபீமியா உயிரோடிருந்த அரசி. அவர் இறந்தபின் எலிசபெத்தை மணந்தான் என்னும் போயிசின் கதை இந்த ஓர் ஏட்டின் முன்னரே தலைசாய்ந்திருக்க வேண்டும்.

ஏன் சாயவில்லை? பதிவேடு பெட்டிக்குள் இருந்தது. போயிசின் நூலோ அச்சிலே உலாவியது. அச்சேறிய பிழை, பூட்டிக் கிடக்கும் உண்மையினும் விரைவாக நடக்கும். பெட்டிக்குள் இருந்தவையும் பத்திரமாக இருக்கவில்லை. குரொம்வெல் காலத்தில் ஸ்கொத்லாந்தின் ஆவணங்கள் இலண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டன. 1660 ஆம் ஆண்டின் இறுதியில் அவை திரும்பி வருகையில் ஒரு கப்பல் கடலில் மூழ்க, எண்பத்தைந்து பீப்பாய் ஆவணங்கள் அதனோடு அழிந்தன.

போயிசைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தைப் படித்தவர்கள் பாங்கோ என்னும் பாத்திரத்தை மறந்திருக்கமாட்டார்கள். ஸ்ரூவட் அரசர்களின் ஆதி முன்னோன் என்று நாடகத்திலே குறிக்கப்படும் அவன், உண்மையில் வாழ்ந்தவன் அல்லன். போயிசின் நூலிலேதான் முதன்முதலாகத் தோன்றுகின்றான். ஸ்ரூவட் குலத்தின் மெய்யான முன்னோர், பிரான்சு நாட்டின் பிரித்தானி மாகாணத்தில் டொல் என்னும் ஊரில் இருந்த ஆயரின் அரண்மனைக் காரியக்காரர்கள். குலத்துக்கு இல்லாத பெருமையை ஒரு கையால் வழங்கிய அதே ஆசிரியர், இல்லாத களங்கத்தை மறு கையால் வழங்கியிருக்கின்றார். பொய்யான புகழை நம்பியவர்கள் பொய்யான பழியைக் கேட்டு நொந்துகொள்வதில் நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

இனி, வழக்கு தீர்ந்த வரலாறு. ஸ்கொத்லாந்தில் 1560 ஆம் ஆண்டு மதச் சீர்திருத்தம் வென்றபோது, கிளாஸ்கோ நகரத்தின் கத்தோலிக்க பேராயர் ஜேம்ஸ் பீற்றன் தமது பேராலயத்தின் பழஞ் சாசனங்களை எடுத்துக்கொண்டு பிரான்சு சென்றார். 1603 இல் அவர் பரிஸ் நகரத்தில் இறக்க, அச்சாசனங்களில் ஒரு பகுதி அங்கிருந்த ஸ்கொத்லாந்துக் கல்லூரியைச் சேர்ந்தது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அக்கல்லூரியின் அதிபராயிருந்த லூயிஸ் இன்னிஸ் என்னும் குருவானவர் அக்கட்டுகளை ஆராய்ந்தபோது ஒரு சாசனம் கிடைத்தது. அது பேர்த் நகரத்தில் 1364 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் திகதி என்று பொறிக்கப்பட்டது. அதிலே, இன்னும் அரசனாகாத றொபேட் ஸ்ரூவட், கிளாஸ்கோ பேராலயத்தில் ஒரு பீடத்தில் நாடோறும் பூசை செய்யும் குருவானவர் ஒருவருக்கு மானியம் ஏற்படுத்துகின்றான். காரணத்தையும் கூறுகின்றான்: மறைந்த எலிசபெத் மியூர் உயிரோடிருந்த காலத்தில், அவரை மணப்பதற்கு இருந்த உறவுத் தடையை நீக்கிப் பாப்பரசர் விதிவிலக்கு வழங்கினார், அவ்வாறு வழங்கும்போது இம்மானியத்தை ஏற்படுத்துமாறு நிபந்தனை விதிக்கப்பட்டது, அக்கடனை இப்போது தீர்க்கின்றேன் என்பது சாரம். சாட்சிகளுள் ஒருவன் யோன் ஸ்ரூவட், கைல் பிரதேசத்தின் பிரபு. நம் முதற் பிறந்தவனும் வாரிசும் என்று தந்தையே அவனைக் குறிக்கின்றான்.

இன்னிஸ் இச்சாசனத்தைத் தம் மேசைக்குள் வைத்துக்கொள்ளவில்லை. 1694 ஆம் ஆண்டு பரிஸ் நகரத்தின் சேன் ஜெர்மான் மடத்தில் அதனை அறிஞர் முன்னிலையில் விரித்துக்காட்டினார். அங்கே வந்து பார்த்தவர்களுள் ஒருவர் ஜோன் மாபியோன் என்னும் துறவி. பழஞ் சாசனங்களின் மெய்யும் பொய்யும் காணும் முறையை 1681 ஆம் ஆண்டு ஒரு சாத்திரமாகவே வகுத்து நூல் எழுதியவர் இவர். கையெழுத்தின் வடிவம், மை, தோல், முத்திரை, திகதி எழுதும் வாய்பாடு என்று ஒவ்வொன்றையும் அக்காலத்து ஐயமற்ற சாசனங்களோடு ஒப்பிட்டு நோக்குவது அவர் முறை. பலூஸ், ருயினார் முதலிய அறிஞரும் உடனிருந்தனர். சாசனம் மெய்யானது என்று ஏற்கப்பட்டு 1695 ஆம் ஆண்டு அச்சிடப்பட்டது.

இங்கே ஓர் ஐயம் எழுவது நியாயமே. முடியிழந்து பிரான்சில் அடைக்கலம் புகுந்திருந்த ஏழாம் ஜேம்ஸ் மன்னனின் கட்சியைச் சேர்ந்தவர் இன்னிஸ். அம்மன்னனின் முன்னோர் உரிமையை நிலைநாட்டும் சாசனம் அவர் கையிலேயே கிடைப்பதென்றால்! வழக்கிலே ஆதாயமுள்ளவர் கொண்டுவரும் சான்றை இருமுறை சோதிக்க வேண்டும். ஆனால் அதே 1695 ஆம் ஆண்டு எடின்பரோ நகரத்திலே, எதிர்க்கட்சி அரசாங்கத்தின் பதிவேட்டுப் பொறுப்பாளராயிருந்த தாபற் பிரபு, மூன்றாம் றொபேட்டின் பிறப்பை ஆதரித்து ஒரு நூல் வெளியிட்டார். அவர் காட்டியவை உள்நாட்டுப் பதிவேடுகள். இருவேறு கட்சியினர், இருவேறு நாட்டில், இருவேறு ஆவணங்களைக் கொண்டு ஒரே முடிவுக்கு வருவதை எளிதிலே தள்ளிவிட இயலாது.

எனினும் தலைமையான ஆவணம் இன்னும் வெளிவரவில்லை. மானியச் சாசனம் ஒரு விதிவிலக்கைப் பற்றிப் பேசுகின்றது. அந்த விதிவிலக்கு ஆணை எங்கே? அது இல்லாதவரை வாதம் ஓயவில்லை. 1723 ஆம் ஆண்டு றிச்சாட் ஹே என்னும் துறவி எலிசபெத்துக்காக ஒரு நூல் எழுதினார். 1745 ஆம் ஆண்டு ஸ்ரூவட் கட்சியினர் கிளர்ந்து தோற்றபின் அறிஞர் இருவர் இதே பொருளைப் பற்றி ஆண்டுக்கணக்காக நூலுக்கு நூல் மறுப்பெழுதிச் சண்டையிட்டனர். முடிவிலே 1789 ஆம் ஆண்டு, உரோமாபுரியில் வத்திக்கான் பதிவேடுகளிலே அவ்வாணையின் பிரதி கண்டெடுக்கப்பட்டது. 1347 ஆம் ஆண்டு நவம்பர் 22 ஆம் திகதி, அவிஞ்ஞோன் நகரத்திலிருந்து ஆண்ட பாப்பரசர் ஆறாம் கிளெமெந்து கிளாஸ்கோ ஆயருக்கு அனுப்பியது அது.

அவ்வாணை கூறுவது யாது? றொபேட்டும் எலிசபெத்தும் தமக்குள் உறவு இருப்பதை அறியாமல் நெடுநாள் கூடி வாழ்ந்து ஆணும் பெண்ணுமாய்ப் பல மக்களைப் பெற்றிருக்கின்றனர். பின்னர்தான் தாம் நான்காந் தலைமுறை உறவினர் என்று அறிந்தனர். இதுவன்றி, றொபேட் முன்பு தொடர்பு கொண்டிருந்த வேறொரு பெண் எலிசபெத்துக்கு உறவினளாதலால் அதுவும் ஒரு தடை. இத்தடைகளை நீக்கி அவர்கள் மணக்கலாம் என்றும், பிறந்த மக்களும் பிறக்கும் மக்களும் உரிமையுள்ள மக்களாகக் கொள்ளப்படுவர் என்றும், இதற்கு ஈடாகப் பூசை மானியம் ஏற்படுத்த வேண்டும் என்றும் ஆணை கூறிற்று.

நான்காந் தலைமுறை உறவென்றால், இருவருக்கும் பாட்டனுக்குப் பாட்டன் ஒருவனாயிருத்தல். 1215 ஆம் ஆண்டு இலாத்தரன் சங்கம் விதித்தபடி அவ்வளவு தூரத்து உறவும் திருமணத்துக்குத் தடை. மாமன் மகளை மணக்கும் வழக்கமுள்ள நமக்கு இது விந்தையாகத் தோன்றும். சில நூறு பிரபு குடும்பங்களே இருந்த ஒரு சிறு நாட்டில் உறவில்லாத பெண்ணைத் தேடுவது எளிதன்று. ஆகவே விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பங்கள் ஓயாமற் சென்றன. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் உறவுமுறையை எடுத்துக்கூற வேண்டியிருந்தது. இன்று ஸ்கொத்லாந்துப் பிரபு குலங்களின் வழிமுறையை ஆராய்வோருக்கு உள்நாட்டு ஏடுகள் கைவிட்ட இடத்தில் பாப்பரசர் பதிவேடுகளே கைகொடுக்கின்றன. தடையாக அமைந்த சட்டமே சான்றுகளைக் காத்துத் தந்திருக்கின்றது.

இப்போது இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நோக்குங்கள். ஒன்று உரோமாபுரியில் இருந்தது. மற்றது பரிஸ் நகரத்தில் இருந்தது. ஒன்று வெளிவந்து ஏறக்குறைய நூறாண்டுகளின் பின்னரே மற்றது வெளிவந்தது. ஒன்று கடனை விதிக்கின்றது. மற்றது கடனைத் தீர்க்கின்றது. ஒரே ஓலையை இரண்டாகக் கிழித்து இரு ஊர்களில் வைத்தாற்போல அவை விளிம்போடு விளிம்பு பொருந்துகின்றன. அன்றியும், மானியச் சாசனம் வமிசாவளியை நிரூபிப்பதற்காக எழுதப்பட்டதன்று. ஒரு குருவானவரின் வருமானத்துக்காக எழுதப்பட்டது. எலிசபெத்தின் பெயர் அங்கே வழிப்போக்காக வருகின்றது. குல உரிமையை நாட்டுவதற்கென்றே எழுதும் ஏட்டிலும், வேறொரு காரியத்துக்கு எழுதும் ஏட்டிலே தற்செயலாக வரும் செய்தியை நான் அதிகம் நம்புவேன்.

யூபீமியாவின் பக்கத்துச் சான்றையும் பார்த்துவிடுவோம். அவரை மணப்பதற்கு றொபேட் பெற்ற விதிவிலக்கு 1355 ஆம் ஆண்டு மே மாதத்தது. அவர் மொறே ஏர்ளாகிய யோன் ரண்டல்ஃப் என்பவனின் விதவை. அக்கணவன் 1346 ஆம் ஆண்டு ஒக்தோபரில் நெவில்ஸ் குறொஸ் போரிலே மாண்டான். எலிசபெத்தின் மூத்த மகன் யோனோ 1337 ஆம் ஆண்டளவிலே பிறந்தவன். எலிசபெத் இறந்த நாள் எந்த ஏட்டிலும் குறிக்கப்படவில்லை. ஆயினும் 1355 இல் றொபேட் வேறொருத்தியை மணக்க அனுமதி பெறுகின்றான்; ஆதலால் அதற்கு முன்னரே எலிசபெத் மறைந்திருத்தல் வேண்டும். திகதி இல்லாத நிகழ்ச்சியை அதற்கு முன்னும் பின்னும் உள்ள திகதிகளால் வேலியிட்டு நெருக்குவதும் ஆராய்ச்சி முறைகளுள் ஒன்று.

திகதிகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பொறியையும் கூறவேண்டும். பாடசாலையிற் சேர்க்க வரும் பிள்ளையின் பிறந்த நாளைச் சாதகம் ஒன்றாகவும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வேறொன்றாகவும் காட்டுவதை எம்போன்ற அதிபர்கள் அடிக்கடி காண்கின்றோம். பெற்றோர் பொய் சொல்கின்றார்கள் என்று அவசரப்பட்டு நினைக்கலாகாது. பிள்ளை விடியற்காலம் இரண்டு மணிக்குப் பிறந்திருக்கும். சாதகக் கணக்கில் சூரியன் உதிக்கும்வரை முந்திய நாளே. அரசாங்கக் கணக்கில் நள்ளிரவோடு புதிய நாள். இரண்டு ஏடும் மெய்யே கூறுகின்றன. ஸ்கொத்லாந்திலும் இத்தகைய வேறுபாடுண்டு. அங்கே 1600 ஆம் ஆண்டுவரை புத்தாண்டு மார்ச்சு 25 ஆம் திகதி பிறந்தது. ஆகவே பெப்ரவரியில் இறந்த டேவிட் மன்னனின் மறைவைப் பழைய ஏடுகள் 1370 என்று எழுதும். நாம் 1371 என்போம். ஜனவரி 1364 என்று பொறித்த நம் மானியச் சாசனமும் இன்றைய கணக்கில் 1365 ஆம் ஆண்டினது. இங்கிலாந்தோ 1752 வரை பழைய கணக்கையே பற்றி நின்றது. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு ஆண்டுகள் கிடைத்தால், ஒன்றைப் பிழையென்று வெட்டுமுன் எழுதியவரின் நாட்காட்டியைக் கேட்க வேண்டும்.

ஆவணங்கள் தீர்த்துவைத்தது எதனை, தீர்க்காதது எதனை என்பதையும் பிரித்தறிதல் வேண்டும். எலிசபெத்தின் கட்சிக்காக வாதாடியவர்களுள் சிலர், அவர் முதலிலிருந்தே குற்றமற்ற மனைவி என்று நிறுவ விரும்பினார்கள். ஆணை அதற்கு இடந்தரவில்லை. 1347 க்கு முன்னர் திருச்சபை ஏற்கும் திருமணம் இல்லை. மூத்த மக்கள் அதற்கு முன்னர் பிறந்தவர்களே. ஆகவே பழைய போர்டன் ஏடு சொன்னது பெரும்பாலும் சரி. களங்கம் கூறியவர்களின் பேச்சிலும் ஒரு துளி உண்மை இருந்தது. அவர்கள் பிழைத்தது நிகழ்ச்சிகளின் வரிசையிலே. பிள்ளைகள் மணத்துக்கு முன்னர் பிறந்தவர்கள் என்பதும் மெய், சட்டப்படி உரிமையுள்ளவர்கள் என்பதும் மெய்.

இவ்விரண்டும் ஒருங்கே மெய்யாவது எப்படி? அது சட்டத்தின் காரியம். பெற்றோர் பின்னர் மணந்தால் முன் பிறந்த பிள்ளைகளும் உரிமை பெறுவர் என்பது திருச்சபைச் சட்டம். ஸ்கொத்லாந்தின் சட்டமும் அதனை ஏற்றது. இங்கிலாந்தின் பிரபுக்களோ 1236 ஆம் ஆண்டு மேர்ட்டன் என்னுமிடத்திற் கூடி அதனை ஏற்க மறுத்தனர். எனவே ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் எல்லையின் ஒருபுறத்தில் வாரிசுகளாகவும் மறுபுறத்தில் உரிமையற்றவர்களாகவும் இருந்தார்கள். பெற்றோர் மணக்கவே முடியாத தடை இருந்த காலத்திற் பிறந்த பிள்ளைகளுக்கு இவ்விதி செல்லுமா என்று வாதித்த சட்ட நிபுணர்களும் உளர். அவ்வாதத்துக்குப் பாப்பரசரின் ஆணை பெயர் குறித்து விடையளித்தது. ஆவணத்தைக் கண்டுபிடித்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை; அந்நாட்டின், அந்நூற்றாண்டின் சட்டத்தைக் கொண்டே அதனை வாசிக்க வேண்டும்.

இந்த ஆணையை 1798 ஆம் ஆண்டு தம் ஸ்ரூவட் வமிசாவளி நூலிலே வெளியிட்டவர் அன்ட்ரூ ஸ்ரூவட் என்னும் சட்டத்தரணி. சான்றுகளைத் துருவுவதில் அவருக்குப் பழக்கம் அதிகம். டக்ளஸ் வழக்கு என்று புகழ்பெற்ற வேறொரு குலவழக்கில், ஒரு பிரபு குலத்தின் வாரிசாகக் கூறப்பட்ட பிள்ளை பரிஸ் நகரத்திலே 1748 இல் உண்மையில் அத்தாய் வயிற்றிற் பிறந்ததா என்று அவர் பிரான்செங்கும் அலைந்து சாட்சி தேடியவர். 1767 இல் எடின்பரோ நீதிமன்றம் ஒரே ஒரு நீதிபதியின் வாக்கால் அவர் கட்சிக்குச் சார்பாகத் தீர்த்தது. 1769 இல் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. அவ்வழக்கு தனியே ஒரு பேச்சுக்குரியது.

எதிர்க்கட்சியாகிய மென்தீத் குடும்பம் என்னவாயிற்று? அதன் எட்டாவது ஏர்ள் 1694 ஆம் ஆண்டு செப்தெம்பரில் பிள்ளையின்றி இறந்தான். பரிஸ் நகரத்திலே இன்னிஸ் சாசனத்தை விரித்துக்காட்டிய அதே ஆண்டு. பின்னர் மருத்துவம் பயின்ற வில்லியம் கிரகாம் என்பவர் பெண்வழி உறவைக் காட்டித் தாமே மென்தீத் ஏர்ள் என்று கூறி, எடின்பரோவில் நடந்த பிரபுக்கள் தெரிவுகளிலே பல ஆண்டுகள் வாக்கும் அளித்தார். பிரபுக்கள் சபை அப்பட்டத்தை வழங்கக்கூடாதென்று தடுத்தது. வறுமையுற்று ஊரூராய் இரந்து திரிந்த அவர், 1783 ஆம் ஆண்டு பொன்ஹில் என்னும் ஊரின் தெருவோரத்திலே இறந்து கிடந்தார். ஆறு ஆண்டுகளின் பின்னர் வத்திக்கானிலே அப்பழைய ஆணை கண்டெடுக்கப்பட்டபோது, உரோமாபுரிக்கு அயலிலுள்ள பிரஸ்காத்தி நகரத்தில், எலிசபெத் மியூரின் வழிவந்து அரசுரிமை கோரிய ஸ்ரூவட் குலத்தின் கடைசி ஆண்மகன் ஹென்றி, திருச்சபையின் கர்தினாலாக வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் 1807 ஆம் ஆண்டு காலமானார்.